ஆராய்ச்சிச்சாலையில் வாழும் வாயில்லா உயிர்கள்

மக்களது நோய் தீர்க்கும் மருந்துகளுட் பெரும்பாலன, மக்கள் உடலிற் சென்று சேருமுன் வேறோர் உயிரின் உடலிற் சென்று வந்தவையேயாம். நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் மாத்திரைக்குப் பின்னும், மகவின் தோளில் ஏற்றும் தடுப்பூசிக்குப் பின்னும், ஓர் எலியோ முயலோ கினிப்பன்றியோ நின்றது. அது தானாக வந்து நின்றதன்று. நாம் கொணர்ந்து நிறுத்தியதாகும். உலகத்துப் பெருஞ் சர்வகலாசாலைகள் இத்தகைய உயிர்களை ஆயிரக்கணக்கில் வளர்த்து வருகின்றன. வளர்ப்போர் அவற்றுக்குச் செய்யக் கடவது யாது? அக்கடமை எங்கே, எவ்வாறு உணரப்பட்டது? இன்று அதனை நடத்திவைப்பார் யாவர்? இவற்றை ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயில்வார்க்கு எலிக்கூட்டில் என்ன வேலை என்று விஞ்ஞானப் பகுதி நண்பர் சிலர் எம்மை நகையாடுதல் கூடும். உயிர்க்கு உயிர் நிறுத்துக் கொடுக்கும் வழக்கு யாம் பயிலும் நூல்களிற் பழையதொன்றே. பருந்துக்கு அஞ்சித் தன்னை வந்தடைந்த புறாவின்பொருட்டுத் துலாக்கோலிலே தன் தசையை அரிந்து வைத்தான் செம்பியன். அவனைச் சோழர் குலத்து முன்னோனாகப் புலவர் பாடினர். ஆராய்ச்சிச்சாலையிலும் ஒரு துலாக்கோல் உண்டு. ஆயின் அங்கே தட்டுக்கள் மாறி நிற்கின்றன. மனிதனுடைய நோய் ஒரு தட்டில். புறாவின் தசை மற்றொரு தட்டில். செம்பியன் வைத்தது தன்னை. நாம் வைப்பது பிறிதோர் உயிரை. இவ்வேறுபாட்டை மறவாது மேற்செல்வோமாக.

முதற்கண், இத்துலாக்கோலில் மனிதனுக்குரிய தட்டு வெறுந்தட்டன்று என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். 1921ஆம் ஆண்டுக் கோடையில் கானடா தேசத்து டொரான்டோ சர்வகலாசாலையில் பிரெடெரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் என்னும் இருவர் நாய்களின் கணையத்தை நீக்கி அவற்றுக்கு நீரிழிவு நோயை உண்டாக்கினர். பின்னர்க் கணையத்திலிருந்து வடித்த சாற்றை அவற்றின் உடலில் ஏற்றி, இரத்தத்தில் மிக்க சர்க்கரை குறைவதைக் கண்டனர். 1922 ஜனவரியில் அம்மருந்து 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஏற்றப்பட்டது. சாகுந் தறுவாயில் இருந்த அவன் மேலும் 13 ஆண்டு வாழ்ந்தான். அதற்குமுன் அந்நோய்ப்பட்ட சிறாருக்குப் பட்டினிக்கு ஒப்பான பத்தியமன்றி வேறு வழியில்லை. அப்பத்தியமும் மரணத்தைச் சிலகாலம் தள்ளிவைத்ததேயன்றி விலக்கவில்லை. நாள்தோறும் இன்ஸுலின் ஏற்றிக்கொண்டு எம்மோடு ஒரே பலகையில் அமர்ந்து பாடங்கேட்கும் தோழர் ஒருவர் உளர். அவரை அருகே வைத்துக்கொண்டு, எவ்வுயிரையும் எக்காரணத்தாலும் தொடலாகாது என்று கூற எமக்கு நா எழவில்லை. அந்நாய்களை மறந்துவிடவும் மனம் எழவில்லை. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள ஒடுங்கிய வழி யாதென்பதே எமது ஆராய்ச்சி.

அவ்வழியைத் தேடிச் செல்வார் இலண்டன் மாநகரிற் றொடங்குதல் நன்று. பிராணிகள்மேற் செய்யும் பரிசோதனைகளை அடக்கியாள உலகில் முதன்முதல் எழுந்த சட்டம் 1876இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு இயற்றியதேயாம். அதன்படி பரிசோதனை செய்வார் அரசாங்கத்தின் லைசென்ஸ் பெறல் வேண்டும். ஒருமுறை அறுத்த பிராணியை மயக்கந் தெளியுமுன் கொன்றுவிடுதல் பொதுவிதி. ஒரே பிராணியை மீண்டும் அறுத்து வதைத்தல் கூடாதென்பது அவ்விதியின் கருத்து.

1903 பிப்ரவரியில் இலண்டன் யூனிவர்ஸிட்டி காலேஜில் வில்லியம் பேலிஸ் என்னும் உடலியற் பேராசிரியர், ஏறக்குறைய அறுபது மாணவர் முன்னிலையில் ஒரு பழுப்புநிற நாயின் கழுத்தை அறுத்து, உமிழ்நீர் சுரக்கும் முறையை விளக்கிக் காட்ட முயன்றார். பார்த்திருந்தோருள் ஸ்வீடன் தேசத்துப் பெண்மணிகள் இருவர் இருந்தனர். நாய்க்கு மயக்கமில்லை என்றும், அது பலகையின்மேல் துடித்தது என்றும், அதன் உடலில் முன்னரே அறுத்த வடு இருந்தது என்றும் அவர்கள் தம் குறிப்பில் எழுதினர். அதனைக் கேட்ட ஸ்டீபன் கோல்ரிட்ஜ் என்பார் பொதுமேடையில் பேராசிரியரைக் கடிந்துரைத்தார். பேராசிரியர் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். நாய் நன்கு மயக்கப்பட்டிருந்தது என்று ஒரு சாராரும், இல்லை என்று மற்றொரு சாராரும் சாட்சி கூறினர். அவ்வாண்டு நவம்பரில் தீர்ப்பு பேராசிரியர் பக்கமாயிற்று. 2,000 பவுன் நஷ்டஈடு கிடைத்தது. அத்தொகையை அவர் கல்லூரியின் உடலியல் ஆராய்ச்சிக்கே வழங்கிவிட்டார்.

வழக்கு முடிந்தது, பகை முடியவில்லை. 1906இல் பாட்டர்ஸீ என்னும் பகுதியில் அந்நாய்க்கு ஒரு சிலை எழுந்தது. அதன் பீடத்தில் எழுதிய சொற்கள் வைத்திய மாணவரைச் சுட்டன. 1907ஆம் ஆண்டின் இறுதியில் அவர்கள் திரண்டு சிலையை உடைக்க வந்தனர். தெருக்களிற் பெருங்கலகம் விளைந்தது. ஒரு நாயின் வெண்கல உருவைக் காக்கப் போலீஸார் இரவும் பகலும் நின்றனர். ஈற்றில் 1910 மார்ச்சு மாதத்தில், விடியுமுன், 120 போலீஸார் காவலில் நகரசபையார் சிலையைப் பெயர்த்து அகற்றினர். 1985இல் வேறொரு சிலை பாட்டர்ஸீ பூங்காவில் நிறுவப்பட்டது. மாணவர் கூட்டம் எந்நாட்டிலும் ஒரு தன்மைத்தே போலும்!

இவ்வரலாற்றை யாம் இத்துணை விரித்தது கலகத்தின்பொருட்டன்று. வழக்கில் வெளிப்பட்ட இரண்டு செய்திகள் இன்றும் உயிரோடு நிற்கின்றன.

ஒன்று வருமாறு. அந்நாயைப் பேலிஸின் கூட்டாளியாகிய ஸ்டார்லிங் முன்னரே 1902 டிசம்பரில் அறுத்திருந்தார். அதனைக் கொல்லாது வைத்திருந்து மீண்டும் பயன்படுத்தியது ஏன் என்று நீதிமன்றத்திற் கேட்கப்பட்டபோது, இரண்டாவதாக ஒரு நாயைப் பலியிடாமைப்பொருட்டு என்று அவர் விடையிறுத்தார். அவ்விடையை எள்ளிவிடுதல் எளிது, ஆராய்ந்தால் எளிதன்று. ஒரு நாய் இருமுறை துன்புறுதல் நன்றா, இருநாய் ஒவ்வொருமுறை துன்புற்று மடிதல் நன்றா? எண்ணிக்கையைக் குறைக்க முயன்றால் ஓருயிரின் துன்பம் மிகுகின்றது. துன்பத்தைக் குறைக்க முயன்றால் எண்ணிக்கை மிகுகின்றது. இன்றும் ஆராய்ச்சிச்சாலைகளில் இவ்வினா நாள்தோறும் எழுகின்றது. ஒரே சூத்திரத்தால் இதற்கு விடைகூற இயலாதென்றே யாம் கருதுகின்றோம்.

மற்றொன்று இதனினும் பெரிது. நாய் மயங்கியிருந்ததா இல்லையா என்னும் ஒரு செய்தியையே வழக்கு முழுதும் சுற்றிவந்தது. அறுத்தவர் பாடத்தில் கருத்தூன்றியிருந்தார். மாணவர் கருவியிலும் மணியோசையிலும் கருத்தூன்றியிருந்தனர். பெண்மணிகளோ குற்றங்காணும் நோக்கத்தோடு வந்தவர்கள். இவ்வறுபதின்மருள், நாயின் நிலையைப் பார்த்துக்கொண்டிருத்தலையே தன் வேலையாக உடையார் ஒருவரேனும் இருந்தாரிலர். அவர் ஒருவர் இருந்திருப்பின் வழக்கே எழுந்திராது. எழுந்திருப்பினும் ஒருநொடியில் முடிந்திருக்கும்.

அவ்விலண்டன் சர்வகலாசாலையிலேயே, இருபத்துமூன்று ஆண்டு கழிந்தபின், 1926இல், சார்லஸ் ஹ்யூம் என்பார் பிராணிநலச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே 1938இல் பல சர்வகலாசாலைகளுக்கும் பொதுவான கூட்டமைப்பாக விரிந்தது. பரிசோதனையை அடியோடு ஒழிப்போம் என்று அச்சங்கத்தார் முழங்கவில்லை. ஆராய்ச்சியாளரைப் பகைவராகவும் எண்ணவில்லை. கூடு எவ்வளவு அகலம் இருத்தல் வேண்டும், எவ்வுயிர்க்கு எவ்வுணவு ஏற்றது, நோயை எவ்வாறு அறிவது என்று தாழ்ந்த குரலிற் கேட்டனர். 1947இல் ஆராய்ச்சிச்சாலைப் பிராணிகளைப் பேணும் முறைபற்றி ஒரு கைநூலும் வெளியிட்டனர். சிலையை உடைத்தோரும் நிறுவினோரும் முப்பதாண்டில் செய்யாததை இக்கைநூல் செய்தது என்று கூறின் மிகையாகாது.

அச்சங்கத்தின் ஆதரவில் வில்லியம் ரஸ்ஸல் என்னும் விலங்கியலாரும் ரெக்ஸ் பர்ச் என்னும் நுண்ணுயிரியலாரும் ஆராய்ந்து 1959இல் ஒரு நூல் வெளியிட்டனர். அதிற் கூறிய மூன்று விதிகளே இன்று உலகெங்கும் வழங்குகின்றன. ஆங்கிலத்தில் மூன்றும் ஆர் என்னும் எழுத்தில் தொடங்குதலின் மூன்று ஆர் என்பர். தமிழில் அவற்றை மாற்று, குறைப்பு, செம்மை எனலாம். உயிரில்லாத வழி உளதாயின் அதனை மேற்கொள்க என்பது மாற்று. உயிர் வேண்டியதாயின், மெய்ம்மை துணிதற்கு வேண்டிய தொகைக்கு மேற் கொள்ளற்க என்பது குறைப்பு. கொண்ட உயிர்க்கு நோவும் அச்சமும் இயன்றவரை குறைந்திருக்குமாறு முறையைத் திருத்துக என்பது செம்மை. இவற்றினும் அந்நூலார் வற்புறுத்திய உட்கருத்தொன்றே எம் உள்ளத்தைக் கவர்ந்தது. துன்புறும் பிராணி தரும் விடை பொய்விடை. ஆதலின் இரக்கமும் நல்ல விஞ்ஞானமும் இருவேறு பொருள்கள் அல்ல என்பதே அது.

இக்கூற்று அவ்வாண்டில் பெரும்பாலும் நம்பிக்கையாகவே இருந்தது. பின்வந்த ஆராய்ச்சி அதனை எண்களால் நிறுவியது. அவற்றுட் சிலவற்றை ஈண்டுக் காண்போம்.

எலியைக் கூட்டிலிருந்து எடுப்பார் அதன் வாலைப் பிடித்துத் தூக்குதலே நெடுங்கால வழக்கம். கடியாது, விரைவில் எடுக்கலாம். 2010இல் லிவர்பூல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜேன் ஹர்ஸ்ட், ரெபெக்கா வெஸ்ட் என்னும் இருவர், இவ்வழக்கம் எலிக்கு எவ்வாறு தோன்றுகின்றது என்று சோதித்தனர். வாலைப் பிடித்துத் தூக்கப்பட்ட சுண்டெலிகள் மனிதன் கையைக் கண்டாலே விலகின; அச்சத்தின் அடையாளங்கள் பல காட்டின. ஒரு சிறு குழாயுள் தானே புகச் செய்து குழாயோடு எடுத்தால், அல்லது இருகையையுங் குவித்து ஏந்தினால், அச்சம் மிகக் குறைந்தது. கையைத் தேடித் தாமே வந்தன. அச்சங்கொண்ட எலி புதியதொன்றை ஆராய முன்வராதாகலின், அதன் அறிவை அளக்கும் சோதனையில் அது மூடனைப்போலத் தோன்றும். எலி மூடனன்று, தூக்கிய கையே பிழைபட்டது. எத்தனை சர்வகலாசாலைகளில் எத்தனை ஆண்டு எத்தனை ஏடுகளில் இப்பிழை எண்ணாக ஏறியிருக்கும்! செலவோ ஒரு துண்டுக் குழாய்.

குளிர்பற்றிய செய்தி இதனினும் வியப்புடையது. ஆராய்ச்சிச்சாலையில் வெப்பநிலையைப் பெரும்பாலும் 20 முதல் 26 டிகிரி வரை வைப்பர். சட்டையும் மேலங்கியும் அணிந்து வேலை செய்யும் மனிதனுக்கு அது இனியது. சுண்டெலிக்கோ 30 டிகிரியை ஒட்டிய வெப்பமே உடலுக்கு ஒத்தது. ஆகவே அது வாழ்நாள் முழுதும் குளிரில் நடுங்காமற் காக்கத் தன் உணவின் பெரும்பகுதியை வெப்பமாக எரிக்கின்றது. 2013இல் அமெரிக்காவில் பபலோ நகரத்துப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் ஒரே வகைச் சுண்டெலிகளை இரு பிரிவாக்கி, ஒன்றை 22 டிகிரியை ஒட்டியும் மற்றொன்றை 30 டிகிரியை ஒட்டியும் வைத்து வளர்த்தனர். வெதுவெதுப்பில் வாழ்ந்தவற்றிற் கட்டிகள் மெல்ல வளர்ந்தன. குளிரில் வாழ்ந்தவற்றில் விரைந்து வளர்ந்தன. நோயை எதிர்க்கும் ஆற்றல் குளிரோடு போராடுவதிற் செலவாயிற்று. மருந்து பலித்ததா இல்லையா என்று அளப்போர், அறையின் குளிரையும் சேர்த்து அளந்துகொண்டிருந்தனர் என்பது இதனாற் போதரும். இதற்குப் பரிகாரம் அறைமுழுதும் சூடேற்றுதல் அன்று. கூடு கட்டிக்கொள்ளத் துண்டுத்தாளோ பஞ்சோ எட்டுக் கிராம் அளவு கொடுத்தாற் போதும். எலி தானே தனக்கு வீடு கட்டித் தன் வெப்பத்தைத் தான் காத்துக்கொள்கின்றது.

எலிக்கு வாயில்லை என்கின்றோம், முகம் உண்டு. 2010இல் கானடாவின் மக்கில் சர்வகலாசாலையில் ஜெப்ரி மோகில் குழுவினர், நோவுற்ற சுண்டெலியின் முகக்குறிகள் ஐந்தைத் தொகுத்து ஓர் அளவுகோல் செய்தனர். கண் இடுங்குதல், மூக்கு மேடிடுதல், கன்னம் புடைத்தல், செவி பின்னே சாய்தல், மீசைமயிர் நிலைமாறுதல் என்பன அவை. மெய்ப்பாட்டியல் கற்கும் எம்மவர்க்கு இஃது இனிய செய்தி. அக்குழுவினரே 2014இல் மற்றொன்றும் வெளியிட்டனர். அறையில் ஆடவர் இருப்பின், அல்லது ஆடவர் உடுத்துக் களைந்த சட்டை இருப்பினும், எலிகள் அச்சத்தால் நோவை வெளிக்காட்டுவது குறைகின்றது. பெண்டிர் இருப்பின் அவ்வாறில்லை. ஆடவர் இதற்கு என் செய்வது என்று யாம் அறியோம்! ஆயினும் சோதனை செய்தவர் ஆணோ பெண்ணோ என்பதையும் ஏட்டிற் குறித்தல் வேண்டுமென்பது பெறப்படும்.

செம்மையைப்பற்றி இத்துணை. குறைப்புக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஒரு பொருளின் நச்சுத்தன்மையை அறிய, கொடுத்த பிராணிகளிற் பாதி இறக்கும் அளவைக் கண்டறியும் முறையை 1927இல் டிரெவன் என்பார் வகுத்தார். மருந்துகளின் வலிமையை ஒழுங்குபடுத்த எழுந்த அம்முறை, நாளடைவில் எப்பொருளுக்கும் உரிய சடங்காகி, பல பத்துப் பிராணிகளை ஒவ்வொரு பொருளுக்கும் கொன்றது. சில பிராணிகளைக்கொண்டே அதே அறிவைப் பெறும் முறைகள் வந்தபின், 2002ஆம் ஆண்டின் முடிவில் பல தேசங்களுக்கும் பொதுவான சோதனை விதிகளிலிருந்து பழைய முறை நீக்கப்பட்டது.

மாற்று என்னும் விதிக்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. வெறிநாய் கடித்தார்க்கு வயிற்றிற் பதினான்கு ஊசி என்று நம் பாட்டன்மார் அஞ்சிய மருந்து யாது? உயிருள்ள ஆட்டின் மூளையில் வெறிநோய்க் கிருமியை ஏற்றி, அந்நோய் முற்றியபின் ஆட்டைக் கொன்று, அம்மூளையிலிருந்து ஆக்கியதே அது. 1907இல் நீலகிரிக் குன்னூரில் நிறுவப்பெற்ற பாஸ்டர் நிலையம் நெடுங்காலம் அதனைச் செய்து தென்னாட்டு உயிர்களைக் காத்தது. காத்த மருந்தே சிலரை வாதநோய்க்கும் ஆளாக்கியது. மூளைப்பொருள் கலந்திருந்தமையே காரணம். ஆட்டுமூளை மருந்தை இந்தியா 2004ஆம் ஆண்டின் முடிவில் கைவிட்டது. இதற்கு மாற்றாக வந்தவற்றுள் ஒன்று, கண்ணாடிக் கலத்தில் வளரும் வீரோ என்னும் உயிரணுக்களிற் செய்வது. குன்னூர் நிலையமும் அவ்வகையை ஆக்கியது. 1962இல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தனவே அவ்வணுக்கள். அன்று எடுத்தவை இன்றுவரை பெருகிக்கொண்டே இருக்கின்றன. ஒரு குரங்கு எண்ணிறந்த ஆடுகளை மீட்டது. ஆட்டுக்கும் நலம், ஊசி ஏற்றிக்கொள்ளும் சிறுவனுக்கு இன்னும் நலம்.

குரங்கைப்பற்றிக் கூறும்போது இந்தியாவின் மற்றொரு வரலாறு நினைவுக்கு வருகின்றது. இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பூசி செய்தற்காக வடநாட்டுச் செம்முகக் குரங்குகள் ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் அமெரிக்கா முதலிய நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. வைத்திய ஆராய்ச்சிக்கே பயன்படுத்துவோம் என்பது உடன்படிக்கை. அவற்றுட் சில, போர்க்கருவிகளின் கதிர்வீச்சு உயிர்களை எவ்வாறு கொல்லும் என்று அறியும் சோதனைக்குப் பயன்பட்டன என்று செய்தி வெளியாயிற்று. மொரார்ஜி தேசாயின் அரசாங்கம் 1978இல் ஏற்றுமதியை முற்றும் நிறுத்திவிட்டது. எப்பயனுக்கு என்று சொல்லி எடுக்கின்றோமோ அப்பயனுக்கன்றிப் பிறிதொன்றுக்கு ஓருயிரைச் செலவிடுதல் களவோடு ஒக்கும் என்பது எம் துணிபு.

இனிச் சட்டங்களை விரைந்து காண்போம். அமெரிக்காவில் 1965இல் ஒரு குடும்பத்தாரின் வளர்ப்புநாய் காணாமற்போய், நியூயார்க்கில் ஒரு வைத்தியசாலைப் பரிசோதனையில் இறந்துபோனமை தெரியவந்தது, நாட்டினர் கொதித்தெழுந்தனர், 1966இல் சட்டம் பிறந்தது. அதன் இலக்கணத்தில் ஒரு விந்தை உண்டு. ஆராய்ச்சிக்கென்றே வளர்க்கப்படும் வெள்ளெலியும் சுண்டெலியும் பறவையும், 2002இல் செய்த திருத்தத்தின்படி, 'பிராணி' என்னும் சொல்லில் அடங்கா. ஆராய்ச்சிச்சாலையில் வாழ்வனவற்றுட் பெரும்பான்மை எவையோ அவற்றுக்கே அச்சொல் இல்லை. நன்னூலாரும் இத்தகைய புறனடை வகுத்திலர். எனினும் அரசாங்கத்தின் சுகாதார நிதி பெறும் நிலையங்கள் முதுகெலும்புடைய எவ்வுயிரையும் பேணுதற்குக் கடமைப்பட்டிருத்தலின், இக்குறை ஒருவாறு நிரம்புகின்றது.

இந்தியாவின் சட்டம் 1960இல் எழுந்தது. அதற்கு வித்திட்டவர் சென்னைக் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். இராஜ்ய சபையில் அவர் கொணர்ந்த மசோதாவே அரசாங்கத்தை எழுப்பியது. சிறிய பிராணி போதுமாயின் பெரியதனைக் கொள்ளற்க, கைப்பழக்கம் பெறுதற்காக மட்டும் ஓருயிரை அறுக்கற்க, நூலும் உருவமும் படமும் கொண்டு கற்பிக்கக்கூடுமாயின் கல்லூரிகளில் பிராணியை விலக்குக என்னும் நெறிகள் அதிலேயே கூறப்பட்டுள. இறுதியிற் கூறிய நெறி ஏட்டில் ஐம்பதாண்டு உறங்கிற்று. அக்காலமெல்லாம் ஒவ்வோராண்டும் நம் விலங்கியல் வகுப்புக்களில் எத்தனை தவளைகள் மெழுகுத் தட்டில் ஊசியால் அறையப்பட்டன! அவற்றுட் பெரும்பாலன, முன்னரே நூறு நூல்களில் வரைந்துவைத்த நரம்பையும் நாளத்தையும் மீண்டும் காட்டுதற்கே மாய்ந்தன. சர்வகலாசாலை மானியக் குழுவினர் 2011இல் குறைக்குமாறும், 2014இல் நிறுத்துமாறும் எழுதியபின்னரே அவ்வழக்கம் அகன்றது.

1998இல் வகுத்த விதிகளின்படி, பிராணிகளை வைத்திருக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் அறக்குழு இருத்தல் வேண்டும். விஞ்ஞானிகளும் கால்நடை வைத்தியரும் அதில் அமர்வர். அவர்களோடு வெளி நிலையத்தார் ஒருவரும், விஞ்ஞானஞ் சாராத பொதுமகன் ஒருவரும் அமர்தல் கட்டாயம். அமெரிக்காவிலும் 1985க்குப் பின் இத்தகைய குழுக்கள் உள்ளன. அவை ஆறுமாதத்துக்கொருமுறை கூடுகள்தோறும் சென்று பார்த்தல் வேண்டும். அங்கும் விஞ்ஞானஞ் சாராதார் ஒருவர் உண்டு. வழக்கறிஞரோ, அறநூல் கற்றவரோ, குருவானவரோ அவ்விடத்தை வகிக்கலாம் என்று விதியே எடுத்துரைக்கின்றது.

இப்பொதுமகனையே யாம் பெரிதும் மதிக்கின்றோம். கல்லாதார் முன் பேசும்போதன்றோ கற்றார் தம் சொற்களைத் தாமே கேட்கின்றனர்? இவ்வெலிக்கு நோகுமா, எவ்வளவு நேரம், எதற்காக, இதற்கு முன் யாரேனும் இதனைச் செய்து விடை கண்டதில்லையா என்று அவர் வினவுவார். இவ்வினாக்களுக்குத் தெளிந்த விடை கூறமாட்டாத ஆராய்ச்சி பெரும்பாலும் தெளிந்த ஆராய்ச்சியாகவும் இராது. தலையசைத்துக் கையெழுத்திட்டு எழுவாராயின் அவர் இருந்தும் இல்லாதவரே. அவ்வாறு நிகழ்தலும் உண்டு என்று கேள்வியுறுகின்றோம். தமிழ் பயின்று வெளியேறும் எம்மவருள் ஒருவர் என்றேனும் அந்நாற்காலியில் அமர அழைக்கப்படுதல் கூடாததன்று. அழைப்பு வருமாயின், விஞ்ஞானம் அறியேம் என்று ஒதுங்குதல் தகாது. அறியாமையே அங்கு அவர்க்குள்ள தகுதி.

குழு கூடிக் கலைகின்றது. எஞ்சிய நாட்களில் எலியைப் பார்ப்பார் யாவர்? 1903இல் பழுப்புநாயின் அருகே இல்லாதிருந்த அவ்வொருவர், இன்று கூடு கழுவும் ஊழியராக இருக்கின்றார். 1986இல் இயற்றிய பிரிட்டிஷ் சட்டம், நாள்தோறும் பிராணிகளைப் பேணுதற்குப் பொறுப்புடையார் இன்னார் என்று பெயர் குறித்தே அமர்த்துமாறு பணிக்கின்றது. அவருடைய சம்பளம் சிறிது. அவர் பெயர் ஆராய்ச்சி ஏடுகளில் வருதல் அரிது. எந்த எலி நேற்றைய தீனியை மீதம் வைத்தது, எது மூலையில் முதுகு வளைந்து குந்தியிருக்கின்றது, எதன் மயிர் சிலிர்த்துப் பொலிவிழந்தது என்பதை முதலில் அறிபவர் அவரே. தாம் பேணிய உயிரையே ஒருநாள் நோவின்றிக் கொல்லக் கொடுப்பவரும் அவரே. அவர் துயரைப்பற்றி எழுதுவார் சிலர். ஜப்பான் தேசத்துச் சர்வகலாசாலைகளில், அவ்வாண்டு ஆராய்ச்சியில் மாய்ந்த பிராணிகளை நினைத்துப் பேராசிரியரும் ஊழியரும் ஒருங்குகூடி மலர்வைத்து வணங்கும் வழக்கம் உண்டு. ருஷியாவில் நோவோசிபிர்ஸ்க் நகரத்து மரபியல் ஆராய்ச்சி நிலையத்தின் முன்றிலில், மூக்குக்கண்ணாடி அணிந்த ஒரு கிழட்டெலி உயிர்மரபின் இழையைப் பின்னிக்கொண்டிருப்பதாக 2013இல் ஒரு சிலை வைத்தனர். காண்பார் முதலில் நகைப்பர். பின்னர்ச் சற்று நேரம் அங்கேயே நிற்பர்.

நல்ல நிலையங்களில் உள்ள விதியொன்று உண்டு. ஒவ்வொரு பிராணியும் ஒவ்வொரு நாளும், விடுமுறை நாளிலும், ஒருவர் கண்ணாற் காணப்படல் வேண்டும். கல்லூரி வாயில் அடைத்து, பேராசிரியரும் மாணவரும் ஊர்சென்று, தேவாலயத்து மணி ஒலிக்கும் கிறிஸ்து பிறந்தநாட் காலையிலும், ஒருவர் திறவுகோலோடு அந்நடைவழியிற் சென்று, விளக்கேற்றி, ஒவ்வொரு கூட்டின் முன்னும் குனிந்து, தண்ணீர்ப் புட்டியை நிமிர்த்துப் பார்த்து, அன்றைய தேதிக்கு நேரே தம் பெயரெழுத்தை இட்டு வருகின்றார்.